கோல்ஃப் 6-இல் போன் பட்டன் இருக்கிறது, போன் இணையவில்லை: லேப்டாப்பை மாட்டினால் சரியாகிவிடுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூரிலிருந்து வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் வந்திருக்கிறீர்கள். இங்கே ஃபீனிக்ஸ் பகுதியில் ஒரு அங்கிளிடம் 2011 மாடல் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் 6 வாங்கியிருக்கிறீர்கள். ஸ்டீரியங்கில் போன் படம் போட்ட பட்டன் இருக்கிறது, ரேடியோவிலும் போன் பட்டன் இருக்கிறது. அழுத்தினால் பாட்டு நிற்பதோடு சரி, வேறொன்றும் நடப்பதில்லை. லேப்டாப்பை மாட்டி கோடிங் போட்டால், அதாவது வண்டிக்குள் இருக்கும் கணினிகளின் அமைப்பை மாற்றி எழுதினால், புளூடூத் வந்துவிடும் என்று ஒருவர் 1500 ரேண்ட் கேட்கிறார். அதையே ஒரு கேபிள் வாங்கி நீங்களே செய்துகொள்ள முடியுமா என்று கேட்கிறீர்கள். முடியும். ஆனால் அதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்க வேண்டும்: போனைக் கையில் எடுக்காமல் பேசும் ஹேண்ட்ஸ்ஃப்ரீக்கு வேண்டிய சாமான்கள் உங்கள் வண்டிக்குள் இருக்கின்றனவா? இதற்குப் பதில் தெரியாமல் கேபிளும் வாங்க வேண்டாம், அவருக்குப் பணமும் கொடுக்க வேண்டாம்.

நான் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் பல வருடங்களாக வண்டி எலெக்ட்ரிகல் வேலை செய்கிறேன். என்னிடம் வருவதில் பெரும்பாலானவை ஃபோக்ஸ்வேகன், ஆவுடி, ஸ்கோடா வண்டிகள்தான். அதனால் இந்தக் குடும்பத்தைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன். மற்ற கம்பெனி வண்டிகளைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன்.

கோல்ஃப் 6 காலத்தில் கம்பெனி போட்டுக் கொடுத்த ரேடியோக்கள், அதாவது ஆர்.சி.டி 310, ஆர்.சி.டி 510 ஆகியவற்றுக்குள் போன் பேசுவதற்கான புளூடூத் கிடையாது. அதற்கென்று தனியாக ஒரு பெட்டி உண்டு. முன் இருக்கைகளில் ஒன்றின் அடியில் அது உட்கார்ந்திருக்கும். அந்தப் பெட்டியிலிருந்து ஒரு கட்டு வயர் கார்பெட்டுக்கு அடியில் ஓடி ரேடியோவின் பின்பக்கம் போய்ச் சேரும். இன்னொரு மெல்லிய வயர் கூரை வழியாகக் கண்ணாடிக்கு மேலே இருக்கும் விளக்குத் தொகுதிக்குப் போகும். மைக் அங்கேதான் இருக்கிறது. எதிராளியின் குரல் பெட்டியிலிருந்து சாதாரண ஆடியோ வயரில் ரேடியோவுக்கு வருகிறது. ‘அழைப்பு வருகிறது, பாட்டை நிறுத்து, பெயரைக் காட்டு’ என்பது போன்ற செய்திகள் கேன் என்னும் இரட்டை வயர் தகவல் வழியில் போகின்றன. பெட்டி, மைக், வயரிங், இவற்றைப் புரிந்துகொள்ளும் ரேடியோ என்று நான்கும் சேர்ந்தால்தான் ஹேண்ட்ஸ்ஃப்ரீ. மென்பொருள் இந்த நான்கையும் ஒன்றுக்கொன்று அறிமுகப்படுத்தி வைக்கும். இல்லாத பெட்டியை அதனால் உண்டாக்க முடியாது.

பட்டன் இருக்கிறதே என்று கேட்கலாம். பட்டன் எதற்கும் சாட்சி இல்லை. ஒரே ஸ்டீரியங், ஒரே ரேடியோ முகப்பு பல ரக வண்டிகளில் போகின்றன. போன் பெட்டி இல்லாத வண்டியில் அதே பட்டன் சத்தத்தை நிறுத்தும் பட்டனாக வேலை செய்யும். நீங்கள் சொல்லும் அறிகுறி அப்படியே இதுதான். கூரை விளக்கில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கின்றன, அது மைக்தானே என்றும் சிலர் கேட்பார்கள். பின்னால் மைக்கே இல்லாமல் வெறும் துளைகளோடு வரும் விளக்குகளும் உண்டு. பழைய வண்டி என்பதால் இன்னொன்றும் சாத்தியம். முந்தைய உரிமையாளர் ரேடியோவையே மாற்றியிருக்கலாம். இருக்கைக்கு அடியில் தண்ணீர் புகுந்து பெட்டி கெட்டுப்போய், அதைக் கழற்றி எறிந்துவிட்டு விற்றிருக்கலாம். டர்பன் ஈரத்தில் கார்பெட்டுக்கு அடியில் பச்சை பிடித்த கனெக்டர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

அதனால் முதல் வேலைக்குக் கைவிளக்கு ஒன்று போதும். இரண்டு முன் இருக்கைகளையும் முழுக்கப் பின்னால் தள்ளி, குனிந்து அடியில் பாருங்கள். பிறகு முன்னால் தள்ளி, பின்சீட்டுப் பக்கத்திலிருந்தும் பாருங்கள். தட்டையான ஒரு உலோகப் பெட்டியோ அதை வைக்கும் தட்டோ தெரிகிறதா? பெட்டி இல்லாமல் ஒரு பெரிய கனெக்டர் மட்டும் டேப் சுற்றிக் கிடக்கிறதா? இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிறத்தில் ஒரு கனெக்டர் தெரிந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள், அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. அடுத்து, டிக்கியில் ஸ்பேர் வீல் பக்கமும் சர்வீஸ் புத்தகத்திலும் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். மூன்று மூன்று எழுத்துகளாகக் குறியீடுகள் வரிசையாக அச்சிட்டிருக்கும். ஃபாக்டரியிலிருந்து கிளம்பும்போது அந்த வண்டியில் என்னென்ன வசதி இருந்தது என்பதற்கு அதுதான் ஆதாரம். ஸ்டிக்கர் இல்லையென்றால், கம்பெனி டீலரின் பார்ட்ஸ் கவுன்டரில் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து ‘இந்த வண்டி போன் வசதியோடு வந்ததா’ என்று கேளுங்கள். பெரும்பாலும் பணம் வாங்காமலே பார்த்துச் சொல்வார்கள்.

பெட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதுதான் கேபிளுக்கு வேலை. பிரேக் பெடலுக்கு மேலே, டாஷ்போர்டுக்கு அடியில் 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். கடையில் மலிவாகக் கிடைக்கும் ஈ.எல்.எம் 327 வகை புளூடூத் அடாப்டர் அதில் பொருந்தும். ஆனால் அது எல்லாக் கம்பெனி வண்டிகளுக்கும் பொதுவான எஞ்சின் கோளாறுகளைப் படிப்பதற்காக வந்தது. ரேடியோவோடும் போன் பெட்டியோடும் முறையாகப் பேச அதை நம்பாதீர்கள். ஃபோக்ஸ்வேகன் குடும்பத்துக்கு அமெரிக்காவின் ராஸ்-டெக் நிறுவனம் செய்யும் வி.சி.டி.எஸ் நல்ல கருவி. பழைய ஆட்கள் இதை இன்னும் வேக்-காம் என்பார்கள். இதன் அசல் கேபிள் விலை அதிகம். போனிலேயே வேலை செய்யும் ஓபிடி-லெவன் இன்னொரு வழி, தொடக்கத்துக்கு அதுவே போதும். வி.சி.டி.எஸ் பெயரில் நகல் கேபிள்களும் நிறைய விற்கின்றன. அவற்றோடு வரும் மென்பொருள் பழசாக இருக்கும், அப்டேட் செய்தால் கேபிளே செத்துப்போகும். எழுதிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால் அவதி உங்களுடையது. நகலை வாங்குவதைவிட, அசல் கேபிள் வைத்திருக்கும் ஒருவரைப் பார்த்து ஒரு மணி நேரக் கூலி கொடுப்பது நல்லது.

கேபிளை மாட்டியதும் எதையும் மாற்றாமல் முதலில் முழு வண்டியையும் ஸ்கேன் செய்யுங்கள். வி.சி.டி.எஸ்-இல் அதற்கு ஆட்டோ-ஸ்கேன் என்று பெயர். வண்டியில் இருக்கும் ஒவ்வொரு கன்ட்ரோல் யூனிட்டையும் (ரேடியோ, எஞ்சின் போன்றவற்றை நடத்தும் சின்னக் கணினி) அது விசாரித்து, பார்ட் நம்பர், இப்போதைய கோடிங், கோளாறுப் பதிவு எல்லாவற்றையும் ஒரு டெக்ஸ்ட் கோப்பாக எழுதித் தரும். அதை லேப்டாப்பில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று என்று இரண்டு இடத்தில் சேமியுங்கள். நாளை ஏதாவது தப்பாகிவிட்டால் திரும்பி வருவதற்கான வழி அந்தக் கோப்பில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு எண் உண்டு, அதை முகவரி என்பார்கள். அந்தக் கோப்பில் நீங்கள் தேட வேண்டிய முகவரிகள் மூன்று. 19 என்பது கேட்வே, 56 என்பது ரேடியோ, 77 என்பது டெலிபோன். பட்டியலில் 77 வந்து, பார்ட் நம்பரும் தெரிந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். பெட்டி உயிரோடு இருக்கிறது, வண்டிக்கும் அதைத் தெரியும். அப்படியானால் தகராறு ரேடியோ கோடிங்கிலோ, மைக்கிலோ, போன் இணைக்கும் முறையிலோ இருக்கலாம். 77 இருந்து ‘தொடர்பு இல்லை’ என்று வந்தால், வண்டி அந்தப் பெட்டியை எதிர்பார்க்கிறது, அது பதில் சொல்லவில்லை என்று பொருள். ஃபியூஸ் போயிருக்கலாம், கனெக்டர் கழன்றிருக்கலாம், பெட்டி செத்திருக்கலாம், யாரோ கழற்றியிருக்கலாம். இதைக் கோடிங்கால் சரிசெய்ய முடியாது, மல்டிமீட்டரை எடுக்க வேண்டும். 77 பட்டியலிலேயே இல்லை, ஆனால் இருக்கைக்கு அடியில் பெட்டி மாட்டியிருக்கிறது என்றால், அங்கேதான் மென்பொருளுக்கு உண்மையான வேலை.

கேட்வே என்பது வண்டியின் பல தகவல் வழிகள் சந்திக்கும் இடம். எஞ்சின் பக்கத்து கேன் நொடிக்கு 500 கிலோபிட் வேகத்தில் ஓடுகிறது. ரேடியோ, போன் இருக்கும் கேன் 100 கிலோபிட் வேகத்தில் ஓடுகிறது. இவற்றுக்கு இடையில் செய்தியை மாற்றிக் கொடுப்பதோடு, வண்டியில் யார் யார் இருக்க வேண்டும் என்ற பட்டியலையும் கேட்வே வைத்திருக்கிறது. 19-ஐத் திறந்து, அந்தப் பட்டியலுக்குள் போய், 77-க்கு எதிரே டிக் போட்டுச் சேமித்தால், அன்றிலிருந்து கேட்வே அந்தப் பெட்டியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். பெட்டி இல்லாத வண்டியில் டிக் போட்டால்? ரேஷன் கார்டில் பெயர் எழுதியதால் வீட்டில் ஆள் பிறந்துவிட மாட்டார். வராத ஆளை ஒவ்வொரு முறையும் தேடி, ‘டெலிபோன் பதில் சொல்லவில்லை’ என்று கேட்வே கோளாறு பதியும். உங்களிடம் 1500 கேட்பவர் இந்த டிக்கை மட்டும் போட்டுவிட்டு ‘இனி உங்கள் போனில்தான் பிரச்சினை’ என்று சொல்லிவிட்டுப் போனால் உங்களுக்கு எதுவும் புரியாது. அப்படி ஏமாந்து வந்தவர்களைப் பார்த்ததால்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

அடுத்தது 56, ரேடியோ. இங்கே கோடிங் என்பது நீளமான ஒரு எண் வரிசை. இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஒரு பைட். ஒவ்வொரு பைட்டுக்குள்ளும் எட்டு பிட், ஒவ்வொரு பிட்டும் ஒரு ஆம்-இல்லை கேள்வி: இந்த வண்டியில் ஆம்ப்ளிஃபயர் இருக்கிறதா, சிடி சேஞ்சர் இருக்கிறதா, போன் இருக்கிறதா என்று. ஒரு உதாரணம் சொல்கிறேன், இது உங்கள் ரேடியோவின் எண் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பைட்டில் 05 என்று இருக்கிறது. பிட்டாக விரித்தால் 00000101. வலமிருந்து எண்ணும்போது முதல் பிட்டும் மூன்றாவது பிட்டும் ‘ஆம்’, மற்றதெல்லாம் ‘இல்லை’. இரண்டாவது பிட்தான் போன் என்றால், அதை மட்டும் ‘ஆம்’ ஆக்கினால் 00000111, அதாவது 07. மாற்றம் இவ்வளவுதான். வி.சி.டி.எஸ்-இல் லாங் கோடிங் ஹெல்பர் என்ற திரையைத் திறந்தால், எந்த பிட் எதற்கு என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும், டிக் போட்டால் கணக்கை அதுவே செய்துகொள்ளும். அங்கே விளக்கம் எழுதப்படாத பிட்டுகளைச் சீண்டாதீர்கள்.

இணையத்தில் ‘என் கோல்ஃபில் இந்தக் கோடிங் போட்டேன், வேலை செய்தது’ என்று முழு எண்ணையும் போட்டிருப்பார்கள். அதை அப்படியே வெட்டி உங்கள் வண்டியில் ஒட்டாதீர்கள். அவருடைய வண்டியில் எட்டு ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் இருந்திருக்கும், உங்களுடையதில் நான்கு ஸ்பீக்கர்தான் இருக்கும். அவருடையது ஜெர்மனி வண்டி, ரேடியோ பேண்ட் அமைப்பு வேறு. ஒருவர் இப்படி ஒட்டிவிட்டு என்னிடம் வந்தார். போன் வரவில்லை, பின்பக்க ஸ்பீக்கரும் போய்விட்டது, ஸ்டீரியங் பட்டன்களும் ரேடியோவைக் கட்டுப்படுத்தவில்லை. பழைய கோடிங்கைக் குறித்து வைக்கவும் இல்லை. அந்த வண்டியில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, எண்ணைத் திரும்பக் கட்ட வேண்டியதாயிற்று. ஒரு பிட்டை மாற்ற வந்தவர் ஒரு பிட்டை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றிய பின் சாவியைக் கழற்றி, கதவைப் பூட்டி, பத்து நிமிடம் வண்டியைத் தூங்க விடுங்கள். சில ரேடியோக்கள் முழுதாக அணைந்து எழுந்த பிறகுதான் புதிய கோடிங்கை ஏற்கும்.

ஸ்டீரியங்குக்குப் பின்னால் வேகம் காட்டும் மீட்டரில் பெரிய திரை உள்ள வண்டி என்றால் போன் மெனுவும் தானாக அங்கே வந்து சேரும். வராவிட்டால் 17 என்ற மீட்டர் முகவரியிலும், 16 என்ற ஸ்டீரியங் முகவரியிலும் பார்க்க வேண்டும். ஆனால் இவை பேசுவதற்குத் தடை இல்லை, ரேடியோவில் போன் வந்த பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

இனி பலருக்கும் தெரியாத ஒரு விஷயம். அந்தக் காலத்துப் போன் பெட்டிகள் எல்லாம் ஒரே ஜாதி இல்லை. பெரும்பாலானவை ஹெச்.எஃப்.பி என்ற முறையில் பேசும். இன்றைய எல்லாப் போனிலும் அது இருக்கிறது. ஆனால் ‘பிரீமியம்’ என்ற பெயரில் வந்த சில பெட்டிகள் ஆர்-சாப் என்ற வேறு முறையில் பேசும். அதில் வண்டியின் பெட்டி உங்கள் போனிலுள்ள சிம்மை எட்டிப் படித்து, தானே ஒரு போனாக மாறி, கூரை ஆன்டெனா வழியாக அழைக்கும். சிக்னல் நன்றாகக் கிடைக்கும், நோக்கியா காலத்தில் அது உயர்ந்த வசதி. ஐபோன் இந்த முறையை எப்போதுமே ஆதரித்ததில்லை. ஆண்ட்ராய்டிலும் எல்லாவற்றிலும் கிடையாது. ஆர்-சாப் மட்டுமே தெரிந்த பெட்டி உங்கள் வண்டியில் இருந்தால், கோடிங் எல்லாம் சரியாக இருந்தும் போன் இணையாது. பார்ட் நம்பரைக் கொண்டு இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். ஸ்கேன் கோப்பு முதலில் வேண்டும் என்று சொல்வதற்கு இதுவும் காரணம்.

போன் இணைந்தது, எதிராளி பேசுவது உங்களுக்குக் கேட்கிறது, நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்கவில்லை என்றால் மைக்கைப் பாருங்கள். கூரை விளக்கை மெதுவாக நெம்பி இறக்கினால் பின்னால் விரல்நுனி அளவு மைக்கும் இரண்டு வயரும் தெரிய வேண்டும். இந்த மைக்குக்குப் பெட்டியிலிருந்து சில வோல்ட் வர வேண்டும். மைக் கனெக்டரில் அந்த வோல்ட் வருகிறதா என்று மல்டிமீட்டர் வைத்தால், பழுது மைக்கிலா அதற்கு முன்னாலா என்று பிரிந்துவிடும். எதிராளிக்கு அவர் குரலே திரும்பக் கேட்கிறது என்றால், யாரோ வேறு மைக்கை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்கள் என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

பெட்டியே இல்லை என்றால்? பழைய சாமான் கடையிலிருந்து பெட்டி, வயரிங், மைக் வாங்கிப் பொருத்தலாம். நான் செய்திருக்கிறேன், வேலை செய்யும். கார்பெட்டைத் தூக்கி, கூரை ஓரத்தைக் கழற்றி வயர் ஓட்ட ஒரு நாள் ஆகிவிடும். தென்னாப்பிரிக்காவில் 2009-ஆம் ஆண்டின் பழைய பொருள் சட்டப்படி, வியாபாரி பதிவு செய்திருக்க வேண்டும், யாரிடம் வாங்கினார் என்ற விவரத்தையும் வைத்திருக்க வேண்டும். ரசீது கொடுக்காத இடத்தில் ரேடியோவும் பெட்டியும் வாங்காதீர்கள். யாரோ ஒருவருடைய ஜன்னலை உடைத்து எடுத்ததாக இருக்கலாம். பொருத்திய பின் பேட்டரி இறங்குகிறதா என்பதையும் பாருங்கள். பழைய கேட்வே உள்ள வண்டியில் புது வகை ரேடியோ போட்டால் அது தூங்காமல் விழித்திருந்து, இரண்டு மூன்று நாளில் பேட்டரியை உறிஞ்சிவிடும். இந்தக் குடும்பத்தில் நன்றாகத் தெரிந்த தொல்லை இது. வண்டியைப் பூட்டி எல்லாம் அடங்கிய பிறகு ஓய்வு மின்னோட்டம் 50 மில்லிஆம்பியருக்குள் இருக்க வேண்டும். வேலை செய்தவரிடம் அளந்து காட்டச் சொல்லுங்கள்.

இந்தச் செலவையெல்லாம் கூட்டினால், 2011 வண்டிக்குப் புளூடூத் உள்ளேயே இருக்கும் ஒரு ரேடியோவை மாற்றிவிடுவது மலிவாகவும் முடியலாம். என் கருத்து இதுதான்: வயரிங் ஏற்கெனவே இருந்தால் அசல் பெட்டியைப் போடுங்கள். வயரிங் இல்லாவிட்டால் ரேடியோவை மாற்றுங்கள்.

வோல்ட் பற்றி ஒரு எச்சரிக்கை. கோடிங் எழுதுவது சில நொடி வேலை, ஆபத்து குறைவு. பெட்டியின் உள்மென்பொருளையே புதிதாக ஏற்றுவது வேறு, அது பல நிமிடம் ஓடும். நடுவில் மின்சாரம் குறைந்தால் பெட்டி பிணமாகிவிடும். புதுப் போன் பழைய பெட்டியோடு ஒத்துப்போகவில்லை என்றால் அந்த ஏற்றம் உதவும், ஆனால் அதை வீட்டில் செய்ய வேண்டாம். கோடிங்குக்குக்கூட இக்னிஷன் போட்டு, எஞ்சின் அணைத்து, ஹெட்லைட்டும் ஏசியும் நிறுத்தி, பேட்டரிக்குச் சார்ஜர் மாட்டிச் செய்யுங்கள். கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, லேப்டாப் பேட்டரி முழுதாக இருக்கட்டும்.

கோல்ஃப் 7-லிருந்து கதை வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன், நாளை வண்டி மாற்றினால் உதவும். அவற்றில் 56, 77 என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம், ரேடியோவும் போனும் 5-எஃப் என்ற ஒரே முகவரியில் இருக்கும். புளூடூத் பெரும்பாலும் யூனிட்டுக்குள்ளேயே இருக்கும், சில வசதிகள் மென்பொருள் பூட்டுப் போட்டு வரும். அந்தப் பூட்டைத் திறக்கும் குறியீட்டைக் கம்பெனி குறிப்பிட்ட வண்டிக்கென்றே கையெழுத்திட்டுத் தருகிறது, டிக் போட்டுத் திறக்க முடியாது. வேறு வண்டியிலிருந்து யூனிட்டை எடுத்துப் போட்டாலும் திருட்டுப் பாதுகாப்பு குறுக்கே நிற்கும். டீலர் கம்பெனியின் சர்வரோடு இணைத்துத்தான் அதை நீக்குவார். உள்மென்பொருளை உடைத்துத் திறந்து தருகிறேன் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அந்த வேலையை எடுப்பதில்லை. அடுத்த முறை டீலர் அப்டேட் போடும்போது அது போய்விடலாம், வாரன்டி வாதத்திலும் நீங்கள்தான் தோற்பீர்கள்.

மற்ற கம்பெனிகளில் சொல் மாறும், அடிப்படை மாறாது. பி.எம்.டபிள்யூவில் வண்டியின் ஆர்டர் பட்டியலில் போன் வசதிக்கான எண்ணைச் சேர்த்துவிட்டு, சம்பந்தப்பட்ட யூனிட்டுகளை மறுபடி கோட் செய்வார்கள். ஃபோர்டில் ஃபோர்ஸ்கேன் என்ற மென்பொருளில் போன் இணைப்பைக் கவனிக்கும் ஏ.பி.ஐ.எம் என்ற யூனிட்டைத் திறப்பார்கள். ரேஞ்சர் பேக்கி (பிக்கப் வண்டி) வைத்திருப்பவர்கள் இதை அதிகம் பேசுவார்கள். இந்த இரண்டிலும் நான் கை வைப்பது குறைவு, அதையே தினமும் செய்பவரிடம் போவது நல்லது. இங்கே டர்பனின் ப்ராஸ்பெக்டனில் தயாராகும் டொயோட்டாக்களில் ரேடியோவுக்குள் புளூடூத் இல்லை என்றால் கோடிங்கால் கொண்டுவர வழியில்லை, ரேடியோவைத்தான் மாற்ற வேண்டும்.

ஓட்டும்போது போன் பேசுவது பற்றிய சட்டத்தையும் கேட்டிருந்தீர்கள். தேசிய சாலைப் போக்குவரத்து விதிகளின் 308ஏ பிரிவுப்படி, ஓட்டும்போது போனைக் கையிலோ உடலின் வேறு பாகத்திலோ பிடித்திருக்கக் கூடாது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்வதும், தொடைமேல் வைத்து ஸ்பீக்கரில் பேசுவதும் இதில் அடங்கும். வண்டியில் பொருத்தப்பட்ட கருவி வழியாகப் பேசலாம், டாஷ்போர்டில் உறுதியாக மாட்டிய ஹோல்டரில் இருக்கும் போனும் இதில் சேரும். கேப் டவுனில் பிடித்தால் போனையே எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். மாலை 5 மணிக்கு நீங்கள் என்-3 நெடுஞ்சாலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து திரும்பும்போது ஊரில் இரவு 8.30, அம்மா கூப்பிடும் நேரம் அதுதான் என்று எழுதியிருந்தீர்கள். இந்த வேலையெல்லாம் முடியும்வரை நல்ல ஹோல்டர் ஒன்றை வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். லாரிகள் இறங்கும் அந்தச் சரிவில் ஹேண்ட்ஸ்ஃப்ரீயில்கூட நீண்ட பேச்சு வேண்டாம். கையும் கண்ணும் சாலையில் இருந்தாலும் கவனம் பேச்சுக்குப் போய்விடுகிறது. ‘வீட்டுக்கு வந்து கூப்பிடுகிறேன்’ என்று சொல்லி வைத்துவிடுங்கள்.

அந்த 1500 ரேண்ட் விஷயத்துக்கு வருகிறேன். அவரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். என் வண்டியில் போன் பெட்டி இருக்கிறதா, எங்கே என்று காட்ட முடியுமா? மாற்றுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த ஸ்கேன் கோப்பை எனக்குத் தருவீர்களா? போன் இணைந்து, இரண்டு பக்கமும் குரல் கேட்ட பிறகு பணம் வாங்கிக்கொள்வீர்களா? மூன்றுக்கும் சரி என்று சொல்பவர் என்றால் அந்தத் தொகை அநியாயம் இல்லை. முதல் கேள்விக்கே ‘அதெல்லாம் கோடிங்கில் வந்துவிடும்’ என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

வண்டியைப் பார்க்காமல் இங்கே உட்கார்ந்து இதற்கு மேல் உறுதியாகச் சொல்ல முடியாது. இருக்கைக்கு அடியில் எடுத்த படம், டிக்கி ஸ்டிக்கரின் படம், ரேடியோவின் மாடல், முடிந்தால் ஆட்டோ-ஸ்கேன் கோப்பு, இவற்றை இங்கேயே போடுங்கள். 77 எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து, எந்த பிட்டைத் தொட வேண்டும் என்று சொல்கிறேன். ஸ்டிக்கரிலும் கோப்பிலும் வண்டியின் சேஸிஸ் எண் முழுதாக இருக்கும். போடும் முன் அதன் கடைசி ஆறு இலக்கத்தை மறைத்துவிடுங்கள்.